சிறுவாணிக்குப் பிடிக்காத ரிலே

"ஏங்கண்ணு, உன்ற மிசினு உப்புத் தண்ணிக்கு மட்டுந்தான் வேலை செய்யுமாட்ட இருக்குது" என்று வடவள்ளியிலிருந்து சின்னம்மா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மிசினுக்கு உப்பு என்ன, நல்ல தண்ணி என்ன?

மிசின் என்று அவர் சொன்னது நான் செய்து கொடுத்த சின்னப் பெட்டி. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கணபதியில் எங்கள் வீட்டு போர் தண்ணீருக்கு அதே பெட்டி இரண்டு வருடமாகப் பிசகில்லாமல் ஓடுகிறது. சின்னம்மா வீட்டில் முதல் நாளே தொட்டி வழிந்து, தண்ணீர் வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. கோயம்புத்தூரில் உப்புத் தண்ணி வழிந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சின்னம்மா வீட்டுக்கு வரும் சிறுவாணிக் குடிநீர் வழிந்தால் தெருவே வந்து விசாரிக்கும். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று சொல்லிக்கொள்கிற ஊர் இது. போட்டி எங்கே நடந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சர்க்யூட் இதைவிட எளிதாக இருக்க முடியாது. தொட்டிக்குள் இரண்டு கம்பிகள். அடியில் இருக்கும் கம்பிக்கு 12 வோல்ட். விளிம்புக்கு அருகே தொங்கும் கம்பியிலிருந்து ஒரு வயர் கீழே வந்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. கலெக்டரில் ரிலே, அதற்கு இணையாக ரெசிஸ்டருடன் ஒரு சிவப்பு எல்.இ.டி. தண்ணீர் மேல் கம்பியைத் தொட்டால் பேஸுக்குக் கரண்ட் வரும், டிரான்சிஸ்டர் ஆன் ஆகும், ரிலே பிடிக்கும், மோட்டார் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை போய் நான் செய்த முதல் காரியம், கத்துக்குட்டிகள் எல்லோரும் செய்வதுதான். டிரான்சிஸ்டரை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். இதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல, பரிகாரம். தொட்டி நிரம்பும்போது எல்.இ.டி. மட்டும் மங்கலாக எரிந்தது. ரிலே அசையவில்லை.

பிறகுதான் மீட்டரை எடுத்தேன். கலெக்டரில் 7 வோல்ட் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச் என்றுதான் படித்திருக்கிறோம். சுவிட்ச் என்றால் அங்கே ஒன்று 12 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யத்துக்குப் பக்கம் இருக்க வேண்டும். 7 என்பது அரைத் தூக்கம். விரலை வைத்தால் லேசான சூடு.

சின்னம்மாவிடம் இரண்டு டம்ளர் வாங்கினேன். ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோயிருந்த போர் தண்ணீர். ஒரே மாதிரி கம்பிகளை ஒரே ஆழத்தில் நிறுத்தி அளந்தேன். போர் தண்ணீர் 4 கிலோ ஓம். சிறுவாணி 200 கிலோ ஓமுக்குப் பக்கம். பக்கம் என்று சொல்லக் காரணம், எண் நிற்கவே இல்லை. வைத்தவுடன் ஒன்று காட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும், மீட்டர் முனைகளை மாற்றிப் பிடித்தால் வேறொன்று சொல்லும். மீட்டரிலிருந்து போகும் சின்னக் கரண்ட்டே கம்பியின் மேற்பரப்பில் மாற்றம் செய்துவிடுகிறது. தண்ணீரை ரெசிஸ்டர் என்று படத்தில் வரையலாம், ஆனால் அது ரெசிஸ்டர் மாதிரி அடங்கி உட்காராது.

எப்படியோ, விடை கிடைத்துவிட்டது. காட்டு மழை பாறையில் வழிந்து வந்து சேர்கிற தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. ஆயிரம் அடிக்குக் கீழே பாறை இடுக்கில் ஊறிக் கிடந்த தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் நிறைய. நாக்கு சொல்வதைத்தான் டிரான்சிஸ்டரும் சொல்லியிருக்கிறது. தண்ணீரின் 200 கிலோ, என் ரெசிஸ்டரின் 10 கிலோ, ஆக 210 கிலோ ஓம். அதன் வழியாக 12 வோல்ட் தள்ளினால் பேஸுக்கு வருவது 50 மைக்ரோ ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இந்த டிரான்சிஸ்டர் அதைச் சுமார் 300 மடங்கு பெருக்கும். 16 மில்லி ஆம்பியர். அதில் எல்.இ.டி. ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, ரிலேக்கு மிஞ்சுவது 13. என் ரிலேயின் காயில் 400 ஓம். அது பிடிக்க 22 மில்லி ஆம்பியராவது வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை பார்த்தேன். ரிலேயின் கண்ணாடி மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகட்டைப் பேனா முனையால் மெல்லத் தள்ளினேன். டக் என்று ஒட்டிக்கொண்டது. பேனாவை எடுத்த பிறகும் விடவில்லை. அதே 13 மில்லி ஆம்பியர்தான். தூரத்தில் இருக்கும் தகட்டை இழுக்க அதற்குச் சக்தி இல்லை, பக்கத்தில் வந்துவிட்டதை விடாமல் பிடித்துக்கொள்ள இருக்கிறது. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் காற்று இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நான் வரைந்த படத்தில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை.

மருந்து எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு டிரான்சிஸ்டர் போதவில்லையென்றால் இரண்டு. முதலாவதின் எமிட்டரை இரண்டாவதின் பேஸில் சேர்த்தால் பெருக்கத்தைப் பெருக்கலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் சிட்னி டார்லிங்டன் இதற்கு 1953-ல் காப்புரிமை வாங்கினார். 300-ஐ 300-ஆல் பெருக்கினால் 90,000. மேஜையில் வைத்துப் பார்த்தேன், சிறுவாணியில் கம்பி பட்டதும் ரிலே அறைந்த மாதிரிப் பிடித்தது. அடுத்த ஞாயிறு கொண்டுபோய் மாட்டினேன். தொட்டி காலியாக இருக்கும்போதே ரிலே வண்டு மாதிரி இரைய ஆரம்பித்தது.

பேஸில் என்ன நடக்கிறது என்று பார்க்க டிஜிட்டல் மீட்டரை வைத்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது, எண்கள் மட்டும் தாறுமாறாக ஓடின. சலித்துப்போய் என் பழைய முள் மீட்டரை எடுத்து, 10 வோல்ட்டில் திருப்பி அதே இடத்தில் வைத்தேன். இரைச்சல் நின்றது. எடுத்தேன், இரைந்தது. வைத்தேன், நின்றது. சின்னம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அதையே வெச்சுட்டுப் போயிரேன் கண்ணு" என்றார். தெரியாமல் சொன்னாலும் அதுதான் சரியான விடை என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அந்த வாரம் எங்கள் தெரு முனை வைண்டிங் கடை அண்ணனிடம் புலம்பினேன். அவர் சர்க்யூட் படம் பார்க்கிறவர் அல்ல. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று சொல்கிறவர். "ஏனுங்க, வயர எது கூடச் சேத்தி இழுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். மாடிக்குப் போகும் மோட்டார் லைன் பைப்புக்குள்ளேயே என் வயரையும் நுழைத்திருந்தேன். தனியாகப் பைப் போட சோம்பல்.

இரண்டு வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் அது ஒரு கெபாசிட்டர். தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. 10 பிகோ ஃபாரட் என்றே வைத்துக்கொள்வோம், இதைவிடச் சின்னக் கெபாசிட்டரைக் கடையில் கேட்டால் தேடுவார்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் முக்கால் மைக்ரோ ஆம்பியர் கசிகிறது. ஒற்றை டிரான்சிஸ்டருக்கு அது தூசி. 90,000 மடங்கு பெருக்கினால் 60 மில்லி ஆம்பியருக்கு மேல், இரண்டு ரிலேயையே இழுக்கலாம். பைக்காராவிலிருந்து 1932-ல் மின்சாரம் வர ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஊர்ச் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் என் பேஸ் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இப்படி ஒன்று சின்ன வயதிலேயே நடந்ததுண்டு. பள்ளி நாட்களில் ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தேன். மைக் மாட்டாமலே அதில் கோவை வானொலி பாடியது. 999 கிலோஹெர்ட்ஸ் அலை, நீளமான வயரில் ஏறி, டிரான்சிஸ்டரின் பேஸ் சந்திப்பில் பாதி வெட்டுப்பட்டுப் பாட்டாக இறங்கியிருக்கிறது. அன்றைக்கு அது தெரியாது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1941-ல் அறிவித்தார் என்று எங்கள் அப்பாரு சொல்வார். பேரன் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ரேடியோ பாடுகிறதே என்று அவருக்கு ஒரே பெருமை.

முள் மீட்டரின் மர்மம் அதன் முகத்திலேயே அச்சடித்திருந்தது. ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம். 10 வோல்ட்டில் வைத்தால் மீட்டரே 200 கிலோ ஓம் ரெசிஸ்டர். கசிவுக் கரண்ட் பேஸுக்குப் போகாமல் அதன் வழியே இறங்கிவிட்டது. அப்போது எழும் வோல்ட்டேஜ் 0.15 அளவுதான், இரண்டு டிரான்சிஸ்டரை எழுப்ப 1.2-க்கு மேல் வேண்டும். டிஜிட்டல் மீட்டர் 10 மெகா ஓம். நல்ல மீட்டர், ஆனால் ஒன்றையும் இறக்கிவிடாது. நல்ல மீட்டர் சர்க்யூட்டைத் தொந்தரவு செய்யாது என்று படித்திருந்தேன். எனக்கு வழி காட்டியது தொந்தரவு செய்த மீட்டர்தான்.

முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் இரண்டாவதின் எமிட்டருக்கும் நடுவே 100 கிலோ ஓம் ஒன்று, கூடவே ஒரு 0.1 மைக்ரோ கெபாசிட்டர். சில்லறைக் காசில் முடிந்த வேலை. சிறுவாணி தரும் 50 மைக்ரோ ஆம்பியரில் 14-ஐ அந்த ரெசிஸ்டர் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் தாராளம். வயரையும் தனிப் பைப்பில் மாற்றினேன். தொட்டி வழிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சரியானது என்று விட்டுவிட மனது வரவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் மேல் கம்பி, அதாவது எதிர்மின் பக்கம், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து தடித்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தியால் சுரண்டுகிறேன். சின்னம்மா வீட்டில் சுண்ணாம்பே இல்லை, ஆனால் அடியில் 12 வோல்ட் பக்கம் இருந்த செம்புக் கம்பி பச்சை பூத்து இளைத்துப்போயிருந்தது. போன மாதம் பெட்டியை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு, தொட்டியில் கிடந்த கம்பிகளுக்கு நடுவே சும்மா மீட்டரை வைத்தேன். 0.3 வோல்ட் காட்டியது. மேலே ஸ்டீல், கீழே செம்பு, நடுவில் சிறுவாணி. ஆயிரம் லிட்டர் பேட்டரியில் சின்னம்மா குளித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டையும் ஒரே கடையில், ஒரே கம்பியிலிருந்து வெட்டி வாங்கிய ஸ்டீலாக மாற்றினேன். 20 மில்லிவோல்ட் இன்னும் மிச்சம் நிற்கிறது. வருகிற ஞாயிறு மேல் கம்பியைக் கீழேயும் கீழ்க் கம்பியை மேலேயும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.