கல்முனைக் கரையும் ஆகாய ஆர்வமும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் பெருவீதியில் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்களைக் கடந்தால் மருதமுனை வரும். அடுத்துக் கல்முனை, அப்பால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் தொடர்ந்து நிற்கும். ஒருபுறம் கடல், மறுபுறம் நெல்வயல்; இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலே மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். நிலம் ஒடுங்கியதாயினும் அவர்களுக்கு வாய்த்த வானம் பெரிது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இக்கரையின் இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்கு விமானமேறுகின்றனர். ஆயினும் அவ்விமானத்தை ஓட்டுபவராக, பழுதுபார்ப்பவராக, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலே அமர்பவராகத் தம் பிள்ளையை எண்ணிப் பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர்? விமானம் இப்பகுதிக்குப் புதிதன்று. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபின் அம்பாறைப் பக்கத்துக்கு ஏர் சிலோன் விமானங்கள் வந்துபோயின. 1958இல் திறக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம், 1983இல் விமானப்படையின் வசமாகி, 2018 மார்ச்சில் மீண்டும் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. இனி வேண்டுவது, ஆர்வமுள்ளோர் கூடிக் கற்கும் கழகமே.

கழகம் என்ன செய்யும் என ஐயுறுவோர் சென்னையின் கதையைக் கேட்கவேண்டும். அங்கே 1910இல் ஹோட்டல் நடத்திவந்த டாஞ்ஜலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் விமானமொன்று செய்வித்துத் தாமே பறந்து காட்டினார். பின்னாளில் அந்நகரிலே ஒரு விமானக் கழகம் தோன்றியது. 1935 நவம்பர் 27ஆம் தேதி நம் இரத்மலானை நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கிய விமானத்தை ஓட்டியவர், அக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1947 டிசெம்பர் 10ஆம் தேதி அதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஏர் சிலோனின் முதற்சேவை புறப்பட்டது. விமானக் கம்பெனிக்கு முன்னே வழி கண்டது ஆர்வலர் கழகம்.

அக்காலக் கழகங்களிற் பெயர்பெற்ற மோத் விமானங்களின் இறக்கை யாது? மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணியுந்தான். கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையை அயலிலே கொண்ட கல்முனைக்கு இச்செய்தி வியப்பாகாது. நூலின் முறுக்கறிந்த நெசவாளரும் மரத்தின் இயல்பறிந்த தச்சரும் இங்கே உளர். காற்றைக் கற்பிக்கவோ கடற்றொழிலாளர் உளர். மலைநாட்டைக் கடந்து வறண்டு வெப்பத்தோடு வீசும் கச்சானும், மாரி கொணரும் வாடையும் அவர்களுக்குப் பாடநூலில் படித்த செய்திகளல்ல, உயிரோடு பழகியவை. மாதிரி விமானம் பறக்கவிட விரும்பும் மாணவன் முதலில் அவர்களிடம் சென்று கேட்கட்டும்.

கழகம் தொடங்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. பத்துப்பேர், ஒரு பாடசாலை அறை, ஒரு தொலைநோக்கி, இரண்டு குறிப்பேடுகள் போதும். ஒன்றிலே காற்றின் திசை, முகில், கடந்து செல்லும் விமானம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுக. மற்றதிலே சந்தாவும் செலவும் சதம் பிசகாது எழுதுக. மாதம் ஒரு கூட்டம். பள்ளி விடுமுறையில் கடதாசி விமானப் போட்டி. பின்னர் மென்மரத்தாலான மாதிரிகள். டிரோன் பறக்கவிட விரும்புவோர் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைக் கற்றபின்னரே தொடுக. பெண்பிள்ளைகளுக்கும் சம இடம் வேண்டும். மாலையும் பொன்னாடையுமாகத் தொடங்கி, மூன்றாங் கூட்டத்துக்கு ஆளின்றி மறைந்த சங்கங்கள் நம்மிடையே பல. தொடக்கவிழாவைச் சுருக்கி, கூட்ட நாளைத் தவறாது காப்பதே கழகத்துக்கு உயிர்.

ஒன்பதாம் நூற்றாண்டிலே ஸ்பெயினின் குர்துபா நகரில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்னும் அறிஞர் இறகு பூண்டு பறக்க முயன்றார் என்றும், வால் அமைக்காமையால் இறங்குகையிலே காயமுற்றார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியரான அல்மக்கரீ எழுதிவைத்தார். வாலில்லாத கடதாசி விமானம் குப்புற விழக் காணும் கல்முனைச் சிறுவனும் அதே பாடத்தைக் கற்கிறான். விழுந்ததை எடுத்து, ஏன் விழுந்தது என்று அவனோடு இருந்து ஆராயச் சில பெரியவர்கள் வேண்டும். இக்கரையின் ஆசிரியர்களும் பெற்றோரும் அதற்கு மாதம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவார்களாக.