காலியான இருக்கை

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். எங்களுள் ஒருவர் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறார். மற்றவர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்குகிறார். பொய் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே முப்பது ஆண்டுகளை நெருங்கிவிட்டோம். ஆயினும் 2021ஆம் ஆண்டில், மதுரையிலுள்ள ஒரு மகளிர் கல்லூரியின் தாவரவியல் துறையில், ஒரு பேராசிரியையின் மேசைக்கு முன் அமர்ந்து நாங்கள் இருவரும் ஒரே குரலில் ஒரு பொய் சொன்னோம்.

அப்பேராசிரியை கேட்ட கேள்வி மிகவும் எளியது. "மகள் மூன்று ஆண்டும் இங்கே படிப்பாளா? மறுபடியும் நீட் எழுதும் எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்டார். படிப்பாள் என்றோம்; அந்த எண்ணம் இல்லை என்றோம். பயிற்சி மையத்தில் முன்பணம் கட்டிய இரசீது அந்நேரத்தில் எங்கள் கைப்பையில்தான் இருந்தது. எங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று பேராசிரியை எண்ணியிருக்கக்கூடும்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு காலம்; மருத்துவச் சேர்க்கைக்கு மற்றொரு காலம். அந்த ஆண்டில் நீட் தேர்வு செப்டம்பர் 12ஆம் நாள் நடந்தது. முடிவுகள் நவம்பர் முதல் நாள் வெளிவந்தன. தமிழ்நாட்டில் கலந்தாய்வு 2022 சனவரி இறுதியில்தான் தொடங்கியது. அதற்குள் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்து, வகுப்புகள் பாதி தூரம் சென்றிருந்தன. எனவே மருத்துவக் கனவுள்ள பிள்ளைகள் பலர், கையில் ஏதேனும் ஒன்று இருக்கட்டும் என்று பி.எஸ்ஸி. வகுப்பில் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்கின்றனர். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். துண்டு போட்டவர் ஏறாமலே போனாலும் அந்த இடத்தில் வேறு எவரும் உட்கார இயலாது.

பழைய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்துவிட்டு 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார். அவர் புதுக்கோட்டையில் படித்தது ஒரு படி. ஏறி முடித்த படி. பின்னாளில் வந்த புகுமுக வகுப்பும் அவ்வாறே. ஓராண்டு கல்லூரியில் படித்து, அதன் மதிப்பெண்ணைக் கொண்டு மருத்துவத்திற்குப் போவார்கள். எந்தப் படிப்பையும் பாதியில் அறுத்துக்கொண்டு போகவில்லை. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்திற்கு வந்தது. 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. அதற்குப் பிறகுதான் பட்டப்படிப்பின் முதலாண்டு, மருத்துவக் கல்லூரியை எதிர்பார்த்திருப்போரின் திண்ணையாக மாறிற்று என்பது எங்கள் எண்ணம்.

இதை நாங்கள் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. எங்களுள் ஒருவர் 1988இல் மேல்நிலைத் தேர்வில் தேறி, மருத்துவ நுழைவுத்தேர்வும் எழுதித் தோற்றவர். பி.எஸ்ஸி. வகுப்பிலும் அவருக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் தம் தந்தையுடன் நாற்றுப் பறிக்கப் போய்விட்டார். பெரியாற்றுத் தண்ணீர் வந்து முதற்போக நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்களில், முன்பின் தெரியாத ஒரு மாணவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட, கல்லூரியிலிருந்து அஞ்சலட்டை வந்தது. சேற்றுக் காலோடு வரப்பில் நின்று அவர் அதைப் படித்தார். அந்த மாணவரின் பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுச் சோறு அவர் விட்டுச்சென்ற இருக்கையிலிருந்து வந்தது என்று நாங்கள் பலமுறை பேசிக்கொண்டதுண்டு.

அவர் உரிய காலத்தில் போனார். சேர்க்கை முடியுமுன் ஒருவர் போனால் அவ்விடம் மற்றொருவருக்கு வாழ்வாகிறது. எங்கள் மகள் போனதோ அப்படியன்று.

2021இல் அக்கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்பட்டிருந்தன. தெரிவானோர் பட்டியலின் கடைசிப் பெயர் எங்கள் மகளுடையது. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது பெயர், எங்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. அவளுடைய தாய் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். எங்கள் மாணவி ஒருத்தியின் அக்காள் அவள். அதனால் முகம் தெரியும். தொற்றுக் காலத்தில் பொதுத்தேர்வே நடவாமல், பழைய மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்துச் சான்றிதழ் வழங்கிய ஆண்டு அது. அந்தக் கணக்கில் எங்கள் மகளுக்கும் அவளுக்கும் இருந்த வேறுபாடு மிகச் சிறியது. பலகைக்கு முன் நின்றபோது, "நல்லவேளை" என்று எங்களுள் ஒருவர் முணுமுணுத்தார். எவர் என்று இப்போது இருவரும் வழக்காடுகிறோம். காத்திருந்தோரில் முதல் இருவருக்கும் பின்னர் இடம் கிடைத்தது. மூன்றாமவளோடு சேர்க்கை முடிந்துபோயிற்று. அவள் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டோம். கேள்விப்பட்ட அன்று ஏதேனும் செய்திருக்கலாம். எங்கள் மகளின் பயிற்சி வகுப்பு அட்டவணையைத் தவிர வேறொன்றும் அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் கணக்கு 2022இல் பொய்த்தது. இரண்டாம் முறையும் மதிப்பெண் போதவில்லை. இதற்கிடையே எங்கள் கணக்கில் இல்லாத மற்றொன்று நடந்தது. எங்கள் மகளுக்குத் தாவரவியல் பிடித்துவிட்டது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் துறையில் இரவல் வாங்கிய மர அழுத்தியைத் தூக்கிக்கொண்டு வருவாள். சுருளி மலையடிவாரத்திலும் சின்னமனூர் வாய்க்கால் கரையிலும் செடி பறிப்பாள். நொச்சி, ஆவாரை, ஆடுதின்னாப்பாளை, வேலியில் படர்ந்த செங்காந்தள் என்று ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் பரப்பி, அழுத்தியில் இறுக்கி, நாள்தோறும் தாள் மாற்றுவாள். செங்காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடிப்பதை எங்களுக்குக் காட்டிய நாள் நினைவில் இருக்கிறது. அறிவியல் ஆசிரியராக அத்தனை ஆண்டுகள் இருந்தும், அதை அவ்வளவு அருகில் உற்றுப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2023 மே 7ஆம் நாள் மூன்றாம் முறையாக எழுதினாள். நாடு முழுவதும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த தேர்வு. விடையளிக்க வேண்டியவை நூற்றெண்பது வினாக்கள், எழுநூற்றிருபது மதிப்பெண்கள். அவற்றுள் பாதி உயிரியல். செடிகளோடு கழித்த இரண்டாண்டு கைகொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் ஒதுக்கப்பட்டது. நான்கு பருவங்கள் முடித்து ஐந்தாம் பருவத்தில் இருந்தாள். பட்டத்திற்கு இன்னும் ஓராண்டுகூட முழுமையாக இல்லை.

அன்றிரவு எங்கள் வீட்டில் மகிழ்ச்சியைவிட வாக்குவாதமே மிகுந்திருந்தது. "முடிச்சிட்டுப் போறேனே, அப்பா" என்றாள். மருத்துவ இடம் ஓராண்டு காத்திருக்காது என்று சொன்னோம். அமெரிக்காவில் பட்டம் பெற்ற பிறகே மருத்துவப் படிப்பு. அங்கேயும் சில பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு முடிந்ததும் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், அங்குப் படிக்கும் முதலாண்டையே கணக்கில் சேர்த்துப் பழைய கல்லூரி பட்டம் தந்துவிடும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அப்படி ஓர் ஏற்பாடு நம்மிடம் இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இரண்டாண்டோடு நிற்பவருக்குப் பட்டயம் என்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. ஒரே காலத்தில் இரு படிப்புகள் படிக்கலாமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்ததே என்றாள். பிணவறுப்பு வகுப்பில் நிற்கும் பெண் எந்த நேரத்தில் தாவரவியல் செய்முறைக்குப் போவாள்? கடைசியில், 2004க்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் பாம்பு கடித்தவரையும் பிரசவம் சிக்கலானவரையும் ஆண்டிபட்டிக் கணவாய் கடந்து மதுரைக்குக் கொண்டு ஓடிய கதைகளையெல்லாம் சொன்னோம். க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வருமுன் அப்படி வழியிலேயே இறந்த ஓர் அத்தையும் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதைக் கேட்டபின் அவள் பேசவில்லை. நாங்கள் வென்றோம் என்றுதான் அன்று எண்ணினோம்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க மூவரும் மதுரைக்குப் போனோம். அதே பேராசிரியை, அதே மேசை. எங்கள் பழைய பதிலை அவர் நினைவூட்டவே இல்லை. எழுந்து எங்கள் மகளின் கையைப் பற்றி வாழ்த்தினார். படிவத்தில் கையொப்பமிட்டுக்கொண்டே, ஏதோ அலுவலகச் செய்தி சொல்பவரைப் போல, "இனி இந்த இடம் காலியாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டில் யாரையும் சேர்க்க முடியாது" என்றார். நாங்கள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். பெட்டி படுக்கையோடு ரயிலேறித் தேனி வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் எங்கள் மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில், அந்தத் திராட்சைத் தோட்டத்து அம்மா வாசலில் வந்து நின்றார். மடியில் பன்னீர்த் திராட்சை. அந்த ஆண்டுதான் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. கூலி ஏதும் ஏறவில்லை என்பது வேறு.

"டீச்சரு, பாப்பாவுக்கு டாக்டர் சீட்டு கெடச்சிருச்சாமே! ஊரே பேசுது. நம்ம பக்கத்துப் புள்ள டாக்டராகி வரட்டும்" என்று சொல்லித் திராட்சையை முறத்தில் கொட்டினார். காப்பி கொடுத்தோம். குடித்து முடித்து, தம்ளரைத் தாமே கழுவி வைத்துவிட்டு, சற்றுத் தயங்கிக் கேட்டார்:

"பாப்பா படிச்ச எடம் அந்தக் காலேசுல இப்பச் சும்மாதான கெடக்கும்? எங்க புள்ளயச் சேத்துக்குவாகளா டீச்சரு? நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

அவர் எதையும் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அறிவிப்புப் பலகையில் இருந்த பட்டியலை அவர் பார்த்ததுமில்லை. காலியாக ஓர் இடம் இருந்தால் அதில் ஒருவர் உட்காரலாம் என்ற எளிய கணக்கே அவருடையது. மூன்றாம் ஆண்டில் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள் என்பதை எங்களால் இயன்றவரை விளக்கினோம். "அப்படியா டீச்சரு" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா..." என்று எங்களுள் ஒருவர் வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எங்களுக்குத் தெரியும் அல்லவா?

அதன்பின் நாங்கள் செய்ய முயன்றதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. 2024 சேர்க்கைக் காலத்தில் அப்பெண்ணைத் தேடிப் போனோம். மாவட்டத்திலேயே அரசுக் கல்லூரியில் சேரலாம் என்றோம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாதலால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும், மற்றச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். விடுப்பில் வந்திருந்தாள். காதோரம் பஞ்சுத் துகள் இன்னும் ஒட்டியிருந்ததாக எங்களுக்குத் தோன்றிற்று. வெறும் தோற்றமாகவும் இருக்கலாம். மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள். "தம்பி இந்த வருசம் பாலிடெக்னிக் சேர்றான் சார். நான் வேலைய விட்டா சரிவராது" என்றாள். பிறகு, "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று எங்கள் மகளைக் கேட்டாள். இருவருக்கும் ஒரே வயது. டாக்டருக்குப் படிப்பவளை அக்காள் என்று அழைக்க வேண்டுமென்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருந்தாள்.

இவற்றையெல்லாம் எங்கள் மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. சென்ற விடுமுறையில் எப்படியோ தெரிந்துகொண்டு, "அந்தப் பலகையை நானும்தான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாள். மருத்துவமனை வார்டுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டவள்; பேச்சு முன்னைவிடக் குறைந்திருக்கிறது. படிப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்டால், பிடித்திருக்கிறது என்கிறாள். உண்மையாகவே சொல்கிறாள் என்று நம்புகிறோம். பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்தே பதில் சொல்லக் கற்கிறார்கள் என்பதால் சிறிது அச்சமும் இருக்கிறது.

அன்று பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கித் திறந்தாள். உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அந்துருண்டை போட்டு வைத்திருந்ததால் பூச்சி அரிக்கவில்லை. பெரும்பாலானவற்றின் மூலையில் பெயரும் ஊரும் நாளும் எழுதியிருந்தாள். ஒரு தாளில் மட்டும் எதுவும் எழுதவில்லை. நெடுநேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இலையைக் கொண்டு குடும்பத்தைச் சொல்ல முடிந்தது. எங்கே பறித்தது என்பது நினைவுக்கு வரவில்லை. திரும்ப உள்ளே வைத்துவிட்டு, அடியில் கிடந்த மர அழுத்தியை வெளியே எடுத்தாள். அதன் பக்கத்தில் துறையின் முத்திரையும் இருப்பெண்ணும் தெரிந்தன. மற்றொருத்திக்குத் தேவைப்படும், கொடுத்துவிடுங்கள் என்றாள். தோல்வார் ஒன்று அறுந்திருக்கிறது. அதைத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டும்.