மாமாவின் சக்திப்பெருக்கி

அமெரிக்க நாட்டு ஹீத்கிட் கம்பெனியார் 1970களில் விற்ற எஸ்பி-220 என்னும் ரேடியோ சக்திப்பெருக்கி உதிரி உறுப்புகளாகவே வந்தது. வாங்கியவர் தம் கையாற் பூட்டிக்கொள்ளல் வேண்டும். அத்தகையதொன்று என் தாய்மாமனிடம் உளது. தமிழ் பயிலும் எனக்கு அதில் என்ன வேலையெனின், விளக்குப் பிடிப்பதே.

அதனுள் 3-500 இஸட் வால்வுகள் இரண்டு. அவற்றின் தகடுகளுக்கு ஏறத்தாழ 3000 வோல்ட் ஊட்டும் பொருட்டு எட்டுக் கண்டென்ஸர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் உள்ளே பதுங்கியிருக்கும். தொட்டவர் பிழைத்தல் அரிது. தேக்கத்தை வடிக்கும் ரெஸிஸ்டர்கள் உண்டெனினும், முதுமையால் அவை அற்றுப்போதலுங் கூடும். ஆதலின் மீட்டர் முள் பூஜ்யத்திற்கு இறங்கிய பின்னரும் மாமா அதனை நம்பார். மின் கடவாத கழியொன்றின் நுனியிற் கம்பி பூட்டி, அதனை யந்திரத்தின் உலோகத்தட்டோடு இணைத்து, கண்டென்ஸர் முனையைத் தொடுவார். மற்றைக் கை சட்டைப் பையிலேயே இருக்கும். இரு கைகளுக்கும் இடையே நெஞ்சு உளதன்றோ?

இப்பொழுது அவர் கை சற்று நடுங்குகிறது. "போதும், எழுந்து வாருங்கள்," என்று அத்தை கதவண்டை நின்று அழைப்பார், இவர் கேளார். இம்முறை கழியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை, அதுவே எனக்குத் துயரமாயிருந்தது.

வறண்டுபோன கண்டென்ஸர்கள் எட்டையும் மாற்றியாயிற்று. விசிறிக்கு எண்ணெயிடுதல் ஒன்றே மிச்சம்.