கடல் விலகினால் ஓடுதளம்

பாரா தீவுக்கு விமானச் சீட்டு எடுக்கும்போதே ஒன்று உறுத்தியது. திங்கட்கிழமை புறப்படும் நேரம் செவ்வாயன்று இல்லை, செவ்வாயின் நேரம் புதனன்று இல்லை. கால அட்டவணை போட்டவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த அட்டவணையைப் போடுவது அட்லாண்டிக் கடல். ஸ்காட்லாந்தின் மேற்கே, வெளி ஹெப்ரைட்ஸ் தீவு வரிசையின் தென்கோடியில் கிடக்கிற இந்தத் தீவின் விமான நிலையத்துக்குத் தார்ச்சாலை ஓடுதளம் கிடையாது. விமானம் கடற்கரை மணலில் இறங்குகிறது. ஓதம் ஏறினால் அந்த மணல் கடலுக்கு அடியில் போய்விடும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால் விமானமும் அதோடு தள்ளிப்போகிறது. ஆகவே போகிறவர்களுக்கு முதல் யோசனை: தொடர்விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் சென்ற மாத நேரத்தை நம்பாதீர்கள், உங்கள் தேதிக்கு உரியதைப் பாருங்கள்.

கிளாஸ்கோவில் ஏறியது ட்வின் ஆட்டர் என்ற இரட்டை விசிறி விமானம். பத்தொன்பது இருக்கைகள். பணிப்பெண் இல்லை, கழிவறை இல்லை. துணை விமானியே திரும்பி நின்று இடுப்புப்பட்டை பற்றிச் சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். விமானியின் தோளுக்கு மேலாக முன்கண்ணாடி தெரியும் என்பதால் முன்வரிசைக்குப் போட்டி அதிகம். இரைச்சலில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச முடியாது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம், பெரும்பாலும் தாழ்வாகவே பறக்கிறது. மேகம் விலகிய இடங்களில் மலையும் கடல்நீர் புகுந்த பள்ளத்தாக்குகளும் தீவுகளும் தெரிந்தன.

இறங்கும்போது சன்னல் வழியே தெரிந்தது ட்ராய் வோர் கடற்கரை: தீவின் வடக்கே, கிழக்கு பார்த்து விரிந்து கிடக்கும் வெளிர்மணல் திடல். அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம். சக்கரம் தொட்ட இடத்தில் தண்ணீர் சிதறிச் சன்னலில் அடித்தது. குலுக்கலை எதிர்பார்த்துக் கைப்பிடியை இறுக்கியிருந்தேன். பல பெருநகர ஓடுதளங்களைவிட மெதுவாகவே இறங்கியது. சிப்பித் தூளும் மணலும் ஈரத்தில் இறுகி அவ்வளவு கெட்டியாகிவிடுகின்றன.

இங்கே ஓடுதளம் ஒன்றல்ல, மூன்று. முக்கோணமாகப் போட்டிருக்கிறார்கள், முனைகளில் நட்ட மரக்கம்பங்கள்தான் அடையாளம். மிக நீளமானதும் 850 மீட்டரைத் தொடாது. சிறு விமானத்துக்குப் பக்கவாட்டுக் காற்று பெரிய எதிரி என்பதால், காற்று எந்தப் பக்கமோ அதற்கேற்ற தளத்தை விமானி தேர்ந்துகொள்கிறார். நீர் வடிந்ததும் ஊழியர்கள் வண்டியில் போய் மணலைப் பார்த்து வருகிறார்கள். அலை எதையாவது ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா. 1936 முதல் இப்படித்தான் நடக்கிறது. ஓடுதள விளக்கு கிடையாது, ஆகவே வழக்கமான விமானங்கள் பகலில் மட்டும். இரவில் நோயாளியை ஏற்ற அவசர விமானம் வந்தால் கரையில் கார்களை நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டு வழிகாட்டியதுண்டு.

சில படிகள் இறங்கினால் கால் ஈர மணலில் பதிகிறது. துணிக்காலணி போட்டு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கொஞ்சம் தண்ணீர் தாங்கும் காலணி நல்லது. நடந்தே நிலையக் கட்டடத்துக்குப் போக வேண்டும். உள்ளே ஒரு கூடம், பதிவு மேசை, உணவகம், அவ்வளவே. பெட்டிகளுக்குச் சுழலும் பட்டை எதுவும் இல்லை. வெளியே நம்மூர்ப் பேருந்து நிழற்குடை அளவில் ஒரு கூரை. வண்டியில் பெட்டிகளைக் கொண்டுவந்து அதன் கீழே வைத்துவிடுகிறார்கள். விமானத்தை விட்டு இறங்கிப் பெட்டியைக் கையில் எடுக்கும்வரை ஆன நேரத்தில் மற்ற ஊர்களில் நான் இன்னும் நீண்ட நடைபாதையில்தான் இருந்திருப்பேன்.

உணவகத்தில் சூப் வாங்கிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கேதான் இந்த இடத்தின் கணக்கு புரிந்தது. என்னோடு வந்தவர்களில் மூன்று பேர் படம் எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள், அதே விமானத்தில் திரும்பிப் போனார்கள். மணலில் இறங்கினோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே வருகிறவர்கள். இது எனக்கு உவப்பில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவுக்கு இந்தச் சின்ன விமானம் கிளாஸ்கோ மருத்துவமனைக்குப் போகும் வழி, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வழி. பத்தொன்பது இருக்கையில் ஒன்றைப் பிடிப்பவர் அதை நினைவில் வைத்தால் குறைந்தது ஓரிரவாவது தங்கிப் போவார்.

வெளியே ஒரு எச்சரிக்கைப் பலகை: காற்றின் திசை காட்டும் பை பறந்துகொண்டிருந்து, நிலையமும் இயங்குகிற நேரமானால், மணலில் இறங்காதீர்கள். காரணம், இந்தக் கரை விமானத்துக்கு மட்டும் சொந்தமில்லை. தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மட்டி பொறுக்கிய இடம் இது. சிப்பி ஓடுகளை அரைத்துச் சுவர்ப்பூச்சுக்கு அனுப்பும் தொழிலும் பக்கத்திலேயே நடந்தது. எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி கட்டிக்கொண்ட வீடு பின்னாளில் அதற்கான ஆலையாயிற்று. விமானம் கிளம்பிப் போனபின் வாளியும் வாரியுமாக ஒருவர் கம்பங்களைத் தாண்டி நிதானமாக நடந்து போனதைப் பார்த்தேன்.

சாலையைக் கடந்து மணல்மேடு ஏறினால் மறுபுறம் மேற்குக் கரை. அங்கே அட்லாண்டிக் முழு வேகத்தில் அடிக்கிறது. விமானத்தை ஏன் இந்தப் பக்கம் இறக்குகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. காசில்பே என்ற தலைமையூர் தெற்கே இருக்கிறது. தீவைச் சுற்றும் பேருந்து விமான நிலையத்துக்கும் வருகிறது, ஆனால் அடிக்கடி அல்ல. நேரம் ஒத்துவராவிட்டால் வாடகைக் காருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது உசிதம்.

பேருந்துக்காகக் காத்திருந்தபோது, என்னோடு விமானத்தில் வந்த மூதாட்டி பேச்சுக் கொடுத்தார். கண் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம்.

"திரும்பிப் போகும் நாளில் மூடுபனி இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். காசில்பேயிலிருந்து ஓபன் துறைமுகத்துக்குக் கப்பல் உண்டு, ஐந்து மணி நேரம் வரை ஆகும், அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் என்று ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"கப்பல் நேரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்" என்றவர், தன் கைப்பையிலிருந்து மடித்த அட்டவணையை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் இன்னொன்று இருக்கிறதாம்.