கதையில் வந்த ‘நான்’

இது சிறிய வழக்கு. பத்திரிகைகளில் வரவில்லை, சட்ட அறிக்கைகளிலும் இடம்பெறவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீதவான் நீதிமன்றமொன்றில் தொடங்கி அங்கேயே முடிந்துபோனது. ஆனாலும் குற்றவியல் சட்டத்தின் எல்லை எது என்று இளம் சட்டத்தரணிகள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்வது இந்த வழக்கைத்தான். கட்சிக்காரரின் சம்மதத்தோடும், அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கியும் எழுதுகிறேன்.

அவர் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த இளைஞர். பகலில் படிப்பிப்பு, இரவில் எழுத்து. ஒற்றை ரூள் கொப்பிகளில் கதைகள் எழுதி வைத்திருந்தார். அவற்றில் ஒன்று இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலைப் பற்றியது, தன்னிலையில் எழுதப்பட்டது. உறவினர் ஒருவர் அதை எடுத்து வாசித்து, கொதித்துப்போய், கொப்பியோடு பொலிஸுக்குப் போய்விட்டார். அன்று மாலையே இளைஞரைக் கூட்டிச் சென்றார்கள். இரவிரவாக விசாரித்து வாக்குமூலம் எழுதி ஒப்பம் வாங்கினார்கள். மறுநாள் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவின் கீழ் ‘பி’ அறிக்கை, அதாவது விசாரணை பற்றிய பொலிஸ் அறிக்கை, தாக்கல் செய்து நீதவான் முன் முற்படுத்தினார்கள்.

தாயார் காலையிலேயே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். “ஐயா, அவன் எந்த நேரமும் எழுதிக்கொண்டிருக்கிற பெடியன். எழுதினதுக்கும் பிடிப்பினமோ?” என்று கேட்டார். வழக்கின் முழுச் சட்டப் பிரச்சினையும் அந்தத் தாயின் கேள்விக்குள் இருந்தது.

365அ பிரிவு என்ன சொல்கிறது? பகிரங்கமாகவோ தனிமையிலோ ஒருவர் இன்னொருவருடன் ‘பாரதூரமான அநாகரிகச் செயல்’ புரிந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். அந்தச் செயல் எது என்பதற்குச் சட்டக்கோவையில் வரைவிலக்கணம் இல்லை. ஆண்களுக்கு மட்டும் என்றிருந்ததை 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கும் விரித்தது. அருகில் உள்ள 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ குற்றங்களுக்குப் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. இவை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஒன்று மட்டும் தெளிவு: தண்டிக்கப்படுவது ஒரு செயல். மனத்தில் உள்ள அன்போ, அதைப் பற்றிய எழுத்தோ அல்ல.

முதல் நாள் பொலிஸார் கேட்டது இளைஞரைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும் கட்டளை. இவ்வகை வழக்குகளில் அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும், அது ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்று இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். நான் கடுமையாக ஆட்சேபித்தேன். “எந்தச் செயலுக்காகப் பரிசோதனை? எந்தத் திகதி? எந்த இடம்? யாருடன்? ‘பி’ அறிக்கையில் இருக்கும் ஒரே திகதி கொப்பி பொலிஸின் கைக்கு வந்த திகதிதான்.” நீதவான் விண்ணப்பத்தை நிராகரித்தார். இளைஞருக்குப் பிணை கிடைத்தது. கொப்பி சான்றுப்பொருளாக நீதிமன்றக் காவலுக்குப் போனது.

நெதர்லாந்தில் குடியேறிய நண்பர் ஒருவரிடம் இந்த வழக்கின் சட்டப் பிரச்சினையை மட்டும் சொன்னபோது, ஹெரார்ட் ரேவ வழக்கைப் படித்துப் பார்க்கும்படி சொன்னார். ரேவ நெதர்லாந்தின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். தன்பாலீர்ப்பாளர் என்பதை ஒளிக்காமல் எழுதியவர். கடவுள் ஒரு கழுதையின் உருவில் தன்னிடம் வருவதாகவும், அதனுடன் தான் உடலால் கூடுவதாகவும் எழுதியதற்காக 1966இல் தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் மேன்முறையீட்டில் தானே எழுந்து தன் எழுத்துக்காக வாதாடினார். 1967இல் விடுதலை, 1968 ஏப்ரலில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாசகரின் மனம் புண்பட்டதா என்பது போதாது, இழிவுபடுத்தும் நோக்கம் எழுதியவருக்கு இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அதே 1968ஆம் ஆண்டுக்கான பி. சி. ஹோஃப்ட் இலக்கியப் பரிசும் அவருக்கே கிடைத்தது.

அவருக்கு முந்தியவர் யாகொப் இஸ்ரேல் ட ஹான். பாடசாலை ஆசிரியர். 1904இல் இரு இளைஞர்களின் உறவைப் பற்றிய நாவலை வெளியிட்டதும் வேலை போனது. பின்னர் அவர் சட்டத்துறைக்கு வந்து 1916இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். என் கட்சிக்காரருக்கும் இதே கதிதான். பிணையில் வந்த கையோடு கல்வி நிலையம் அவரை நிறுத்திவிட்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விசாரணைகூடத் தொடங்கவில்லை. ஆனால் ஊர் தன் தீர்ப்பை வழங்கிவிட்டது.

ஒல்லாந்து நீதிமன்றத் தீர்ப்பு எங்கள் நீதவானைக் கட்டுப்படுத்தாது. அதை நான் மன்றில் எடுத்துக்காட்டவுமில்லை. ஆனால் வாதத்தை ஒழுங்குபடுத்த அது உதவியது. மூன்று விடயங்களை முன்வைத்தேன்.

முதலாவது, 365அ பிரிவுக்கு இரண்டு மனிதர் வேண்டும். இந்த வழக்கில் இரண்டாவது மனிதர் இல்லை. கதைப் பாத்திரத்துக்கு அழைப்பாணை அனுப்ப முடியாது.

இரண்டாவது, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அந்த இரவு வாங்கிய வாக்குமூலத்தின் பெறுமதி அத்துடன் முடிந்தது.

மூன்றாவது, கதையில் வரும் ‘நான்’ எழுதியவரின் ஒப்புதல் அல்ல. வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளத்தில் சாமான் கடத்துகிறவனின் கதையை ஒருவர் தன்னிலையில் எழுதினால் சுங்கத்தினர் அவரைக் கைதுசெய்வார்களா? கைதுசெய்ய முடியாது. காதல் கதைக்கும் அதே விதிதான். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் தரும் பாதுகாப்பு, எங்களுக்குப் பிடித்த கதைகளோடு நின்றுவிடுவதில்லை.

2016 நவம்பர் 30ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் சமர்ப்பித்தேன். கொழும்பில் கைதான இரு ஆண்கள் தொடர்பான அந்த வழக்கில், நீதியரசர் புவனேக அலுவிஹாரே 365அ பிரிவின் கீழான குற்றத்தீர்ப்பை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் வயதுவந்தோர் மனமொத்து உறவுகொள்வதை அரசு கண்காணிப்பதோ குற்றமாக்குவதோ கூடாது என்ற சமகாலச் சிந்தனையை அவர் ஏற்று, சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றினார். உண்மையான செயல் நிரூபிக்கப்பட்ட வழக்கிலேயே உயர் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பத் தயங்கியது என்றால், கொப்பியை மட்டும் வைத்து ஒருவரை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

“இந்தக் கொப்பியைத் தவிர வேறு ஏதாவது சாட்சியம் உண்டா?” என்று நீதவான் பொலிஸாரைக் கேட்டார். இல்லை என்றார்கள். அடுத்த தவணையில் வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று அறிவித்தார்கள். சந்தேகநபர் விடுவிக்கப்பட்டார். கொப்பியை உரியவரிடம் கொடுக்கும்படி கட்டளையானது.

வேலை திரும்பிவரவில்லை. கைது தொடர்பாக அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம் என்று ஆலோசனை சொன்னேன். 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சேர், மனுவில என்ர பேர் வரும். அம்மா இந்த ஊரிலதானே இருக்க வேணும்.” அவரை நான் வற்புறுத்தவில்லை. உரிமை மீறப்பட்டவர் உரிமையைக் கேட்கவே அஞ்சும் நிலையை உண்டாக்குவதுதான் இந்தப் பிரிவு செய்யும் பெரிய தீங்கு. ஒருவரும் தண்டிக்கப்படாமலே அது ஆயிரம் பேரை வாயடைக்க வைக்கிறது. ஷியாம் செல்வதுரை ஒரு தமிழ்ப் பையனின் இத்தகைய கதையை ‘ஃபன்னி போய்’ என்ற நாவலாக 1994இல் வெளியிட்டார். கனடாவில் இருந்து, ஆங்கிலத்தில். அந்தக் கதையை இங்கிருந்து தமிழில் எழுதியவருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் மேலே சொன்னேன்.

இவையெல்லாம் மேலைநாட்டுப் பழக்கம், எங்கள் மண்ணுக்கு ஒவ்வாதவை என்று சொல்வோருக்கு ஒரு சட்டத்தரணியாகப் பதில் சொல்கிறேன். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை சீதனம், முதுசொம், அடைமானம், முன்னீட்டுரிமை என்று பேசுகிறது. இப்படியொரு குற்றத்தை அதில் நான் கண்டதில்லை. கடல் கடந்து வந்தது தண்டனைதான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, சயாம் நாட்டைப் பற்றி நூல் எழுதிய தன் சொந்த அதிகாரி யோஸ்ட் ஸ்கௌட்டனை 1644இல் பத்தாவியாவில் இதே குற்றத்துக்காகக் கொன்றது. அதே ஒல்லாந்து 1811இல் இந்தக் குற்றத்தைக் கைவிட்டது. எங்களுக்கு இன்றிருக்கும் பிரிவுகளின் வேர் பிரித்தானியர் 1883இல் தந்த சட்டக்கோவை. பிரித்தானியரும் தங்கள் நாட்டில் அதை நீக்கிவிட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் இதே வகையான 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. நாங்கள் இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறோம்.

நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரண பெரும்பான்மையே போதும் என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு சட்டமூலமும் காலாவதியானது. நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது; அதனூடாக நடக்க வேண்டியவர்கள் நாங்கள் தெரிவுசெய்து அனுப்பியவர்கள்.

என் தொழிலில் உள்ள இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லெம் அரொண்டேயஸ் என்ற டச்சு எழுத்தாளர், நாசிகளுக்கு எதிராக அம்ஸ்டர்டாம் குடிசனப் பதிவகத்தைத் தாக்கிய குழுவில் ஒருவர். 1943 ஜூலையில் சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன், தன்பாலீர்ப்பாளர்கள் கோழைகள் அல்லர் என்று உலகத்துக்குச் சொல்லும்படி லாவ் மாசிரெல்லிடம் கேட்டுக்கொண்டார். மாசிரெல் ஒரு சட்டத்தரணி. ஊர் கேட்க விரும்பாத வார்த்தையையும் கட்சிக்காரருக்காகச் சுமந்து சென்று சொல்வது எங்கள் தொழிலின் கடமை. இத்தகைய வழக்கு வந்தால் மறுக்காதீர்கள்.

பொலிஸ் அழைத்தால் செய்ய வேண்டியவற்றை மற்றவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். வாசித்து விளங்காத எதிலும் ஒப்பமிடாதீர்கள். உடனே ஒரு சட்டத்தரணியை அழையுங்கள். வசதி இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். வடக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் மறுபடி வரும்போது ஆதரித்து வாக்களியுங்கள்.