பொதுச்சுவர்

தனிமனையில் பிறந்து வளர்ந்தவர்க்கு வரிசை வீட்டின் இலக்கணம் எளிதில் பிடிபடுவதில்லை. நம் சோழமண்டலக் கரை ஊர்களில் வீடு என்றால், தலைவாசலும் கொல்லையும் அதற்கெனச் சுற்றுச்சுவரும் பெரும்பாலும் உண்டு. பினாங்கில் நம் பாட்டனார் காலம் முதல் நம் குடும்பத்தார் வாழ்ந்துவரும் வீட்டுக்கோ முகமும் முதுகும் மட்டுமே சொந்தம்; இரு விலாவும் அண்டை வீட்டாரோடு பங்கு. சென்ற முறை அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தபோது, அந்தப் பங்கு எத்தகையது என்பதை விரிவாகக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 1801இல் காதர் முகைதீன் அவர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும் தொலைவில் இருக்கிறது அவ்வீடு. சபர் சென்று வந்த வாசகர்கள் அவ்வட்டாரத்தை அறிவர். 'சூலியா' என்பதே நம் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நாளில் அங்கு வழங்கிய பெயரல்லவா?

வீட்டின் அகலம் 18 அடி. நீளமோ 90 அடிக்குக் குறையாது. இந்த ஒடுக்கத்துக்குக் காரணம் மரம். மாடித் தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் பாய்கின்றன. நடுவே தூண் கிடையாது. ஒரு மரம் வளையாமல் எவ்வளவு தூரம் தாவுமோ அவ்வளவே மனையின் அகலம். பக்கங்களில் சன்னல் வைக்க வழியில்லை. ஆகவே வெளிச்சமும் காற்றும் வானத்திலிருந்து வரவேண்டும். அதற்காகவே வீட்டின் நடுவயிற்றில் கூரையில்லாத ஒரு முற்றம். மழை நேரே உள்ளே பெய்து கருங்கல் தளத்தில் விழுந்து வடிகிறது. வெப்பக் காற்று அவ்வழியே மேலேறிப் போக, தெருப்பக்கத்துத் துளைச் சாளரங்கள் வழியே புதுக்காற்று நுழைகிறது. நண்பகலில் தெருவில் தார் உருகும்போதும் முற்றத்தோரம் பாய் விரித்துப் படுத்தால் உறக்கம் வரும். பாட்டனார் கணக்கெழுதியதும் அங்கேதான் என்பார்கள்.

வாசலுக்கு முன்னே வரிசை முழுவதும் ஓடும் மூடுநடை ஒன்று உண்டு. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த இராஃபிள்ஸ், வீட்டுக்கு வீடு தொடரும் இத்தகைய நடையைக் கட்டாயமாக்கினார். பின்னர் அம்முறை மலாயாவின் பிற நகரங்களிலும் பரவியது. மலாய் மொழியில் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி. பெயரில்தான் ஐந்தடி, அளந்தால் ஆறும் ஏழும் வருவதுண்டு. மோட்டார் சைக்கிள்களும் பூந்தொட்டிகளும் இடம் பிடித்த பிறகு ஓரடியும் மிஞ்சாத இடங்களும் உண்டு.

இனி வீட்டின் உடல்நிலை. செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய சுவர் அது. கடலோரத் தாழ்நிலமாதலால் அடியிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சில ஆண்டுகளுக்கொருமுறை பூச்சு உதிரும், மறுபடி பூசுவார்கள். பூச்சு தேய்ந்து கல் பிழைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இடையில் வந்த ஓர் ஒப்பந்தக்காரர், உதிர்வதைக் குற்றமாகக் கருதி, ஆள் உயரத்துக்குச் சிமென்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் வண்ணமும் அடித்துச் சென்றார். வெளியேற வழியற்ற ஈரம் சிமென்டுக்கு மேலே ஏறி உப்புப் பூத்தது. நாம் விரலால் தட்டிப் பார்த்தபோது வெறும் பானையைத் தட்டிய ஒலி கேட்டது. ஓரிடத்தில் பெயர்த்ததும், உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது.

அதனினும் கொடியது உத்தரங்களின் நிலை. கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதி இரும்பு போலிருக்க, ஈரச் சுவருக்குள் புதைந்த முனை மட்டும் புட்டுப் போல் உதிர்ந்தது. மாடி முழுவதையும் தாங்குவது அந்த முனைதான்.

பழி முழுவதும் சிமென்டின் தலையில் விழவேண்டியதில்லை. 1948க்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதனால் ஏழைகள் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. உரிமையாளர்களுக்கோ ஓர் ஓட்டை மாற்றவும் மனமில்லாது போயிற்று. நம் குடும்பமும் அந்தக் குறைந்த வாடகையின் நிழலில் வளர்ந்ததே. 1997இல் சட்டம் நீக்கப்பட்டு, 1999 முடிவோடு பாதுகாப்பும் முடிந்தது. வாடகை ஏறிற்று, குடிகள் புறநகருக்குப் பெயர்ந்தனர். நம் சாச்சா அதற்கு முன்பே தம் சேமிப்பையெல்லாம் கொட்டி வீட்டை விலைக்கு வாங்கியிருந்ததால் நம்மவர் தங்கினர். இடப்பக்கத்து வீடு ஆளின்றிக் கிடந்தது. பிறகு அதன் சன்னல்களை அடைத்து, ஒலிப்பதிவில் பறவைக்குரலை ஒலிக்கச் செய்து, கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். அக்குருவிக்கு இருளும் ஈரமும் வேண்டும். அந்த ஈரத்தில் நம் சுவருக்கும் பங்கு கிடைத்தது! 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. 2013க்குள் குருவி வளர்ப்போர் அவ்வட்டாரத்தை விட்டு வெளியேறவேண்டும் என்ற ஆணையும் வந்தது. குருவிகள் போய்விட்டன. வலப்பக்கத்து வீடு தங்கும் விடுதியாகிவிட்டது. முற்றத்தைக் கண்ணாடியால் மூடி, மாடியில் குளியலறைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றின் குழாய் ஒன்று பொதுச்சுவருக்குள்ளேயே இறங்குகிறது.

மரபுச் சின்னம் என்ற பெயர் வந்ததும் வீட்டுக்கு விலையும் வந்தது. சாச்சா மகன் நம்மிடம் மனம்விட்டுச் சொன்னார்: "நானா, விற்றால் மூன்று பிள்ளைகளின் படிப்புக்கும் கவலையில்லை. வைத்திருந்தால் இந்த மாடி யார் தலைமேல் இறங்குமோ, அல்லாஹ்தான் அறிவான்." மறுத்துரைக்க நமக்கு நா எழவில்லை. ஊரிலிருந்து விருந்தாளியாய் வந்தவர், பழமையைக் காப்பாற்றுங்கள் என்று அங்கே குடியிருப்பவருக்கு உபதேசம் செய்வது மிக எளிது. ஓதமேறிய அறையில் இருமும் பிள்ளைக்கு அந்த உபதேசம் மருந்தாகாது.

இரண்டு பேரை அழைத்துக் காட்டினோம். முதலாமவர் சிமென்டையே மீண்டும், இன்னும் கனமாகப் பூசலாம் என்றார். இரண்டாமவர் சுண்ணாம்பு வேலையில் முதிர்ந்த சீனக் கொத்தனார். கூலி மும்மடங்கு கேட்டார். வேலையோ வெகு குறைவாகச் சொன்னார். சிமென்டைப் பெயர்த்தெடுப்பது, காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சுவது, கூழ் காய்ந்தபின் எடுத்தெறிந்து மறுபடி அப்புவது, பிறகு சுவரைச் சும்மா விட்டுவிடுவது. எத்தனை நாள் என்று கேட்டதற்கு, அதைச் சுவரிடம் கேளுங்கள் என்று சிரித்தார். அழுகிய உத்தர முனைகளை வெட்டி, புதுமரத்தைப் பழமரத்தோடு கவ்வவைத்து இணைக்க வேறொரு தச்சர் வேண்டுமாம். ஆனால் சுவரின் பாதிதான் நம்முடையது. மறுபாதியில் நீர் கசிந்துகொண்டிருந்தால் நம் பாதியை எப்படிக் காயவைப்பது? ஆகவே மாநகர் மன்றத்தின் அனுமதிக்கு மனுச் செய்த கையோடு, இரு அண்டை வீடுகளின் படியும் ஏறினோம். இடப்பக்கத்தார் உடனே இசைந்தார். தம் பக்கத்துச் சன்னல்களைத் திறந்துவிட்டதோடு செலவிலும் பங்கேற்பதாகச் சொன்னார். விடுதிக்காரர் தேநீர் தந்தார்.

ஐப்பசி மழைக்குள் சுவர் காய்ந்தால் வீட்டை வைத்துக்கொள்வது, இல்லையேல் விலை பேசுவது என்று சாச்சா மகன் தவணை வைத்திருக்கிறார். அவருடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. உத்தரங்களுக்குத் தற்காலிகமாக முட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். கூழ் மூன்று முறை மாற்றியாயிற்று. மூன்றாம் முறை எடுத்ததில் உப்பு குறைந்திருக்கிறதாம். முற்றத்தோரச் சுவரில் கைவைத்தால் ஈரம் தெரியவில்லை. வலப்பக்கச் சுவர் மட்டும் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. குழாயை வேறிடத்துக்கு மாற்றச் சம்மதம் என்று விடுதிக்காரர் எழுத்தில் கொடுத்துவிட்டார். நாள் குறிக்கவில்லை.