நோகாத கால்

"நோவு ஒண்டுமில்ல சேர். செருப்புத்தான் ஏறுதில்ல."

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிபவர். இடது பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். மற்றக் காலைவிட நன்றாகச் சுட்டது. மேற்பாதத்தில் நாடி துள்ளியது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. உள்ளங்கால் வளைவு சரிந்து, தோணியின் அடியைப்போல் புடைத்திருந்தது. முதலில் பார்த்த இடத்தில் கிருமி என்று நினைத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

இவருக்குப்போல் சீனி வருத்தம் நரம்பைக் கெடுத்துவிட்டால் எலும்பில் வெடிப்பு விழுந்தாலும் தெரியாது. ஆள் நடந்துகொண்டே இருப்பார். மூட்டுகள் நொறுங்கி இடம் மாறிவிடும். நரம்பு நோயாளிகளிடம் இந்த மூட்டழிவை 1868இல் மருத்துவர் சார்கோ விவரித்தார். நீரிழிவிலும் அது வரும் என்று 1936இல் மருத்துவர் ஜோர்டன் எழுதினார்.

சுடுகிற காலில் கத்தி வைக்க எனக்கு மனம் வராது. அப்போது எலும்பு இளகியிருக்கும், ஸ்குரூ பிடிக்காது. காலோடு ஒட்டியபடி பிளாஸ்டர் போட்டு, வீக்கம் வற்ற வற்ற மாற்றி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கை பரபரக்கும், அதை அடக்குவதே இந்தத் தொழிலில் பாதி. இந்தப் பிளாஸ்டர் நம் பக்கத்துச் சொத்து. 1930களில் இலங்கையில் மில்ரோய் போல் என்ற மருத்துவர் தொழுநோய்ப் புண்ணுக்குப் போட்டது. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் போல் பிராண்ட் அதை 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலை இதே வாவிக்குள்தான் இருக்கிறது. நோவறியாத கால் படும் பாட்டை இந்த ஊர் முன்பே கண்டிருக்கிறது.

இரு கால்களுக்கும் இடையே சூட்டு வித்தியாசம் 2 பாகை செல்சியஸுக்குள் இறங்கி, எக்ஸ்ரேயில் எலும்பு இறுகியது தெரிந்தபின்தான் சத்திரசிகிச்சை. முதலில் குதிக்கால் நாண். அது இறுகி முன்பாதத்தை நிலத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். தோலில் மூன்று சிறு துளைகள் வழியே நாணைப் பாதிப்பாதியாக அறுத்து, பாதத்தை மெல்ல மேலே தள்ளுவேன். நாண் வழிவிடுவது உள்ளங்கையில் தெரியும். அதற்குமேல் ஒரு மயிரிழை தள்ளினாலும் முழுதாக அறுந்துவிடும். பிறகு புடைத்த எலும்பு. மிதிக்கும் இடத்தில் தழும்பு விழக்கூடாது என்பதால் பாதத்தின் வெளி ஓரத்தில் கீறி, உளியால் சீவி, விரலைவிட்டுத் தடவிப் பார்ப்பேன். மேடு கையில் தட்டாமல் போகும்வரை சீவுவேன். மூட்டு ஆடினால் மட்டுமே நீண்ட ஸ்குரூக்களும் தகடும். குறைவாகச் செய்து பாதம் தட்டையாக நிலத்தில் ஊன்றினால் அது போதும்.

வெட்டிய காலும் நோகாது. அதனால் மறுவாரமே எழுந்து நடந்துவிடுவார்கள். சாதாரண முறிவுக்குக் கொடுக்கும் ஓய்வைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கிறோம். வீட்டில் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புகிறேன்.

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கிளினிக் பார்ப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சீனி உள்ளவருக்கு ஒரு கால் மட்டும் புண்ணில்லாமல் வீங்கிச் சுட்டால், எக்ஸ்ரே சரியாகத் தெரிந்தாலும் அன்றைக்கே நடையை நிறுத்தி அனுப்பிவையுங்கள். அந்தக் கிழமையே பிளாஸ்டர் ஏறிய பல கால்களுக்கு உளி தேவைப்படுவதில்லை.